பாணர் வந்த ஊரில் ஒரு சுவைஞர்

திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் கிடங்கல் என்னும் இடத்தைப் பேருந்தில் கடந்து செல்வோர் பலர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர்களுள் ஒன்றாகக் கூறும் கிடங்கில் அதுவே என்பது அறிஞர் கருத்து. நல்லூர் நத்தத்தனார் பாடிய அந்நூல் 269 அடிகளை உடையது. பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையோடு வழிநடந்து வரும் வேறொரு பாணனையும் அவன் சுற்றத்தையும் எதிர்ப்பட்டு, ‘இவ்வழியே செல்க, இன்னானைக் காண்க’ என்று ஆற்றுப்படுத்துவதே அதன் பொருள். வகுப்பறையில் இந்நூலை நடத்தும்போதெல்லாம் என் தாய்மாமாவின் நினைவு எனக்கு வராமல் இருப்பதில்லை. ஏனெனில் எங்கள் குடும்பத்தில் ஆற்றுப்படுத்தும் பணியை வாழ்நாள் முழுவதும் செய்தவர் அவர். அவர் காட்டிய வழி மன்னனிடம் செல்வதன்று, மெல்லிசைக் கச்சேரி மேடைக்குச் செல்வது.

மாமா திண்டிவனத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. பாட வராது, எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆயினும் 1983 முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட ஊர்களில் எங்குக் கச்சேரி நடந்தாலும் அங்கு அவர் இருப்பார். மயிலத்தில் பங்குனி உத்திரமாயினும், தர்காவில் கந்தூரியாயினும், விக்கிரவாண்டிப் பக்கத்துச் சிற்றூரில் ஆடி மாதத் திருவிழாவாயினும், திருமண வரவேற்பாயினும் அவருக்கு வேறுபாடில்லை. இரவு ஒன்பது மணிக் கச்சேரிக்கு மாலை நான்கு மணிக்கே சென்றுவிடுவார். மைக்செட் கட்டுவதையும், வாத்தியங்களுக்குச் சுருதி சேர்ப்பதையும் காணாதவன் கச்சேரியைப் பாதிதான் கண்டான் என்பது அவர் கொள்கை. வீடு திரும்பியதும் ஒரு கோடு போட்ட நோட்டில் நாள், ஊர், குழு, வாசித்தவர்கள், மழை, மின்தடை ஆகியவற்றை எழுதிவைப்பார். அத்தகைய நோட்டுகள் பதினொன்று இப்போது என்னிடம் உள்ளன.

மெல்லிசைக் குழு என்றால் திரைப்படப் பாட்டைத் திருப்பிப் பாடும் கூட்டம் என்றே பலரும் எண்ணுகின்றனர். இது முழு உண்மையன்று. மேலைநாட்டில் ‘ராக்’ குழுக்கள் எவ்வாறு சிறு கூடங்களில் உள்ளூர் இளைஞர் முன் வாசித்து வளர்ந்தனவோ, அவ்வாறே இங்கும் திரையிசைக்கு ஆள் சேர்த்த பயிற்சிக்களம் இதுவே. லிவர்பூல் நகரில் ‘கேவர்ன்’ என்னும் நிலவறைக் கூடமொன்றில் 1961 முதல் 1963 வரை ஏறத்தாழ முந்நூறு முறை வாசித்த குழுவே பின்னர் உலகறிந்த பீட்டில்ஸ். நம் நாட்டில், பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாட, அவருடன் ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்த இளவலே 1976இல் ‘அன்னக்கிளி’ படத்தின் வழியே வெளிப்பட்ட இளையராஜா. எஸ்.பி. பாலசுப்பிரமணியம் தொடக்கக் காலத்தில் நடத்திய மெல்லிசைக் குழுவில் அவரும் கங்கை அமரனும் வாசித்துள்ளனர். ஏ.ஆர். ரகுமான் 1992இல் ‘ரோஜா’வுக்கு முன்னர்ச் சென்னையில் ‘நெமிசிஸ் அவென்யூ’ என்னும் ராக் குழுவைத் தொடங்கி நடத்தியவர். இன்றைய மாணவர்கள் 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை நன்கு அறிவர். கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் கலந்தது அவர்களுக்குப் புதுமையாகத் தோன்றியிருக்கலாம். ஒரே இரவில் பக்திப்பாட்டும் கட்சிப்பாட்டும் கிடார் முழங்கும் ‘இளமை இதோ இதோ’வும் கேட்டுப் பழகிய மாமாவுக்கு அதில் வியப்பொன்றும் இருக்கவில்லை.

மெல்லிசைக் குழுவின் உண்மையான திறம் சுருக்குவதில் உள்ளது. ஒலிப்பதிவுக் கூடத்தில் நாற்பது ஐம்பது பேர் வாசித்த இடையிசையை எட்டுப் பேர் மேடையில் வாசிக்கவேண்டும். ஒலிநாடாவை ஓட்டி, நிறுத்தி, மீண்டும் ஓட்டி, எந்த வயலின் வரிசையைக் கீபோர்டுக்குக் கொடுப்பது, எதை மேண்டலினுக்குக் கொடுப்பது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்பவர் ஒருவர் இருப்பார். எதை விட்டாலும் பாட்டு சிதையாமல் இருக்கவேண்டும். உரையாசிரியர் பணியைவிட இது எளிது என்று நான் சொல்லமாட்டேன். சிறுவனாகிய என்னை மாமா முன்வரிசையில் அமர்த்தியதே இல்லை. பேஸ் கிடாரும் தபேலாவும் இருக்கும் பக்கமாக அழைத்துச்சென்று, “மாப்பிள்ளை, பாட்டை எல்லாரும் கேட்பார்கள். நீ பாட்டுக்குக் கீழே ஓடுகிறதைக் கேள்” என்பார். சிலப்பதிகார அரங்கேற்று காதையில், எழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடையதாய் அமைந்த அரங்கினையும், தூண்களின் நிழல் விழாதவாறு விளக்கு வைத்த நுட்பத்தையும், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்களின் இலக்கணங்களையும் இளங்கோவடிகள் விரித்துரைத்த பின்னரே மாதவி அரங்கில் ஏறுகிறாள். முதலில் வாத்தியக்காரர், பின்னர் நட்சத்திரம் என்னும் அவ்வரிசையைப் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே நான் மாமாவிடம் கற்றிருந்தேன்.

நோட்டுகளில் ஓர் இரவு மட்டும் மூன்று பக்கம் எழுதப்பட்டுள்ளது. நானும் உடனிருந்தேன்; அப்போது எனக்கு வயது பன்னிரண்டு. ஒரு சிற்றூர்த் திருவிழாவில் பாட்டின் நடுவே மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் இயங்கவில்லை. கீபோர்டும் கிடாரும் ஊமையாயின. கூட்டம் எழுந்து கலையத் தொடங்கிய வேளையில் தபேலாக்காரர் தாளத்தை விடாமல் வாசித்துக்கொண்டே இருந்தார். டோலக் அதனுடன் சேர்ந்தது; புல்லாங்குழல்காரர் மேடையின் விளிம்புக்கு நகர்ந்து வந்தார். பாடகர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வாய்ப்பாட்டாகத் தொடர்ந்தார். எழுந்தவர்கள் அமர்ந்தனர். பின்வரிசையில் இருந்தவர்கள் கேட்பதற்காக முன்வரிசையில் இருந்தவர்கள் பேச்சை அடக்கினர். ஏறத்தாழ இருபது நிமிடம் அவ்வாறு சென்றது. விளக்குகள் மீண்டும் எரிந்தபோது சிலர் ‘ஐயோ’ என்றது என் காதில் விழுந்தது. கேட்பவரும் சேர்ந்தே கச்சேரியை நடத்துகின்றனர் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்றை நான் எந்நூலிலும் கண்டதில்லை.

இசைமுரசு நாகூர் இ.எம். ஹனீபாவின் கச்சேரிகளை மட்டும் மாமா சிவப்பு மையில் குறித்துள்ளார். 1925 டிசம்பர் 25இல் பிறந்து 2015 ஏப்ரல் 8இல் மறைந்த அப்பெருமகனார் முறையாக இசை பயிலாதவர். இஸ்லாமியப் பாடல்களையும் திராவிட இயக்கப் பாடல்களையும் ஒரே கம்பீரத்தோடு பாடியவர். 1961இல் வெளிவந்த ‘பாவ மன்னிப்பு’ படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் குரல் கொடுத்தவர். அவருடைய உச்சக் குரலுக்கு ஒலிபெருக்கி மிகை என்று சொல்வோர் உண்டு. அவர் கச்சேரியிலும் மாமாவின் கண் பக்கவாத்தியத்தின் மேல்தான் இருக்கும்.

வாத்திய இசை குறித்து நம் சமுதாயத்தில் கருத்து வேறுபாடு உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. என் தந்தையார் தஃப் ஒன்றைத் தவிரப் பிறவற்றை ஏற்காதவர். கச்சேரிக்குப் போன மறுநாள் மாமாவுடன் அவர் பேசமாட்டார். ஒரு ரமலான் இரவில், சஹருக்கு எழுப்பப் பாடிவந்த பக்கீர் ஒருவருக்குத் தந்தையார் காசு கொடுத்தபோது, அவர் கையிலிருந்த தாயிராவைக் காட்டி, “மச்சான், இதுவும் தோல்தானே!” என்றார் மாமா. தந்தையார் சிரித்துவிட்டார், ஆனால் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. முனாஜாத்தும் கிஸ்ஸாவும் நாமாவும் வாய்விட்டுப் பாடவே இயற்றப்பட்டவை என்று நான் இன்று எடுத்துரைக்கும்போதும் அவர் அவ்வாறே சிரிக்கிறார்.

இக்குழுக்கள் மெலிந்தமைக்குச் சுவை குன்றியதைக் காரணமாகச் சொல்வது எளிது. நோட்டுகள் வேறு கதை கூறுகின்றன. 1980களில் ஒரு குழுவில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் உள்ளன. தோலிசைக் கருவிகளின் ஒலிகளைத் தட்டினாலே தரும் மின்னணுப் பேட் வந்தபின் தபேலா, டோலக், காங்கோ ஆகிய மூவரின் இடத்தில் ஒருவர் பெயர் நிற்கிறது. கீபோர்டு வளர வளர அக்கார்டியனும் ஷெனாயும் மறைகின்றன. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கியைத் தடுத்தன. விடியவிடிய நடந்த கச்சேரி மூன்று மணி நேரத்துக்குள் அடங்கியது. நோயாளிகளையும் தேர்வெழுதும் பிள்ளைகளையும் எண்ணினால் அவ்விதியைக் குறைகூற முடியாது. அடுத்து, பாட்டு நீங்கலாக மற்ற இசை அனைத்தையும் முன்பே பதிந்து வைத்த ‘டிராக்’ வந்தது. 2020 மார்ச் முதல் பெருந்தொற்றால் மேடைகளே இல்லை. தபேலாக்காரர் ஒருவர் காய்கறி வண்டி தள்ளிக்கொண்டு சைக்கிள் கடைக்குக் காற்றடிக்க வந்தார் என்று மாமா எழுதியிருக்கிறார். காசு வாங்கவில்லை என்றும் அதன் கீழே உள்ளது.

அவ்வரியைப் படித்தபோது சிறுபாணாற்றுப்படையின் மற்றொரு காட்சி என் கண்முன் வந்தது. குட்டி ஈன்ற நாய் குரைக்கும் பாழ்பட்ட அடுக்களையில், கிணைமகள் ஒருத்தி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண்பதற்கு நாணிக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள். கிணை என்பது தோற்கருவி. அப்பசியைத்தான் நல்லியக்கோடனின் கொடை போக்கியது. மாமாவால் தேர் கொடுக்க இயலாது. கச்சேரியின் நடுவே மேடைக்குச் சென்று அன்பளிப்பாகப் பத்து ரூபாய் கொடுப்பார். பாடகரின் சட்டையில் ஊக்கு கொண்டு குத்துவதே எங்கள் பக்கத்து வழக்கம். இவர் பின்னால் சுற்றிச் சென்று தபேலாக்காரர் பையில் வைத்துவிட்டு வருவார். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரி ‘தபேலாவுக்கு 10’ என்பதே. பிற்காலத்தில் அது 20 ஆயிற்று, பிறகு 50 ஆயிற்று.

கடைசிக் குறிப்பு 2022இல், விழுப்புரத்தில் ஒரு திருமண வரவேற்பு. பாடியவர் இருவர். வாசித்தவர்கள் என்னும் இடத்தில் ஒரு கோடு இழுக்கப்பட்டுள்ளது. அதன் கீழே, ‘மைக்செட் பையனுக்கு 50’ என்று எழுதியிருக்கிறார்.