மதுரையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவது?

மதுரைக்கு வர்ற நண்பர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?" யூடியூபில் பத்து நிமிஷம் செலவழித்தால் ஐம்பது கடைப் பெயர் கிடைத்துவிடும். அந்தப் பட்டியலோடு வந்தவர்களில் பாதிப்பேர், காலையில் லேட்டா எழுந்து, பன்னிரண்டு மணி வெயிலில் கோயிலைச் சுற்றி, நாலு மணிக்குக் கறிதோசை தேடி அலைந்து, ராத்திரி ஒன்பதுக்கெல்லாம் அறைக்குப் போய்ப் படுத்துவிடுகிறார்கள். பிறகு "என்னப்பா, பெரிசா ஒண்ணுமில்லையே" என்று போனில் சொல்வார்கள். இந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு முகவரி பாதிதான். மீதிப் பாதி கடிகாரம்.

அதனால் இந்தப் பதிவில் கடைகளைவிட நேரத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். முதலில் ஒரு சின்ன ஆராய்ச்சி. சாப்பாடு மட்டும் வேண்டும் என்பவர்கள் மூணு பத்தி தாண்டிப் போய்விடலாம்.

"தூங்கா நகரம்" என்கிற பட்டத்துக்கு மதுரைக்காரர்கள் உடனே காட்டும் சான்று மதுரைக்காஞ்சி. பத்துப்பாட்டில் நீளமான பாட்டு, 782 அடி, மாங்குடி மருதனார் பாடியது. அதில் நாளங்காடி, அல்லங்காடி என்று பகல் கடைத்தெருவும் அந்திக் கடைத்தெருவும் வருகின்றன. அல்லங்காடி வருகிறதா, அப்புறமென்ன, "ரெண்டாயிரம் வருஷமா தூங்காத ஊர்" என்று மேடையில் முழங்கிவிடலாம். ஆனால் கொஞ்சம் தள்ளிப் படித்தால் கதை வேற. இரண்டாம் சாமத்தில் சங்கொலி அடங்குகிறது. வணிகர்கள் கடையை அடைக்கிறார்கள். தேனடை மாதிரி மெல்லிய அடையும், பூரணம் வைத்த மோதகமும் விற்ற கூவியர் தூங்கி வழிகிறார்கள். மூன்றாம் சாமத்தில் ஊருக்குள் விழித்திருக்கும் மனிதர்கள் கள்வர்களும் அவர்களைத் தேடித் திரியும் காவலர்களும்தான். அதாவது, சங்ககால மதுரையில் நடுராத்திரி பசித்தால் பட்டினிதான். பலகாரக்காரரே தூங்கிவிட்டார்!

அப்படியானால் நம் காலத்து மதுரை எப்போது தூக்கத்தை விட்டது? என் கணக்கு இது. 1875-ல் ரயில் வந்தது. 1892-ல் ஊரார் ஹார்வி மில் என்று சொல்லும் மதுரா மில் ஸ்டேஷன் பக்கம் தொடங்கியது. ஊர் நடுவிலேயே பஸ் ஸ்டாண்டு. கோயிலுக்கு வடபுறம், வடக்கு ஆவணி மூல வீதியில், காய்கறி மார்க்கெட். ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவர், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர், விடியுமுன் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர் என்று இத்தனை பேருக்கும் அகால நேரத்தில் பசித்தது. இட்லிச் சட்டியும் பரோட்டாக் கல்லும் அந்தப் பசியைத் தேடித்தான் தெருவுக்கு வந்தன. இதை ஊரின் குணம் என்பதைவிட, ஊரின் வேலை நேரம் என்பதே சரி.

இனி வரைபடம். கோயிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதைச் சுற்றி மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று நாலு கை. இந்த ஒழுங்கு பிடிபட்டுவிட்டால் கூகுள் மேப்பே வேண்டாம். நடுவில் இரண்டு பெயர்கள் மட்டும் மாசப் பெயரோடு ஒட்டாமல் நிற்கும்: மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. 1840-களை ஒட்டி கலெக்டர் பிளாக்பர்ன் பழைய கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது, மாரட் அளவையாளராகவும் பெருமாள் மேஸ்திரியாகவும் வேலை பார்த்தார்கள். ஒரு மேஸ்திரியின் பெயரில் பெரிய வீதி இருக்கிற ஊர் எத்தனை இருக்கும் சொல்லுங்க? பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்குத்தூண் கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் சேரும் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. "விளக்குத்தூண்" என்றால் ஆட்டோக்காரருக்குத் தெரியும். பிளாக்பர்ன் யார் என்றால் தெரியாது. பரவாயில்லை.

சாயங்காலம் நாலரைக்கு மேலச்சித்திரை வீதியில் ஆரம்பியுங்கள். கோபு ஐயங்கார் கடையில் வெள்ளையப்பம். பச்சரிசியும் உளுந்தும் அரைத்து எண்ணெயில் பொரித்தது. வெளியே லேசான மொறுமொறு, உள்ளே பஞ்சு. சட்னிக்குக் காரம் உண்டு. அதற்கு மேல் ஒரு காபி. அங்கேயே வயிற்றை நிரப்பிவிட வேண்டாம், இது தொடக்கம்தான்.

சித்திரை வீதிகளில் வண்டி கிடையாது, நிதானமாக ஒரு சுற்று வரலாம். கோயிலைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். கீழக்கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தை மட்டும் தவறவிடாதீங்க. திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்குக் கட்டியது, பெயர் மட்டும் நானூறு வருஷமாகப் "புது". என் பள்ளி நாட்களில் அந்தச் சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின் ஓடும், பாத்திரமும் பழைய புத்தகமும் விற்பார்கள். கடைகள் இப்போது பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. சிற்பத்துக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனாலும் அந்தத் தையல் மிஷின் சத்தம் இல்லாத புதுமண்டபம் எனக்கு யாரோ வீட்டு ஹால் மாதிரி இருக்கிறது.

அங்கிருந்து தெற்கே நடந்தால் விளக்குத்தூண், மகால் பகுதி. பட்டு நூல்காரர்கள் என்று ஊர் சொல்லும் சௌராஷ்டிர நெசவாளர்கள் நாயக்கர் காலத்திலிருந்து வாழும் தெருக்கள். சுங்குடிச் சேலை இவர்கள் கைவேலை. சாயங்காலம் இந்தப் பக்கம் தள்ளுவண்டிகளில் பச்சை நிறத்தில் பூரி மாதிரி ஒன்று உப்பிக்கொண்டிருக்கும். அதுதான் முள்முருங்கை வடை. முள்முருங்கை இலையை அரிசி, உளுந்தோடு அரைத்துத் தட்டிப் பொரிப்பது, மேலே இட்லிப் பொடி தூவித் தருவார்கள். சளிக்கு நல்லது என்பார்கள். நான் ருசிக்குச் சாப்பிடுகிறேன்.

அடுத்த வண்டியில் பருத்திப்பால். பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, அரிசி மாவும் வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்துக் காய்ச்சி, சுக்கு, ஏலக்காய், தேங்காய்ப்பூ போடுவது. நெசவும் மில்லும் இருந்த ஊரில் பஞ்சு துணிக்குப் போச்சு, விதை டம்ளருக்கு வந்தது. இதன் ருசியை விளக்கச் சொன்னால் கஷ்டம். பாயசத்துக்கும் கஞ்சிக்கும் நடுவில் ஓர் இடம்.

ஜிகர்தண்டா பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லணும், ஏனென்றால் இப்போது அந்தப் பெயரில் எதை எதையோ விற்கிறார்கள். ஜிகர் என்றால் ஈரல், மனசு. தண்டா என்றால் குளிர்ச்சி. முகலாயர் கொண்டுவந்தார்கள், நவாபு கொண்டுவந்தார் என்று கதைகள் உண்டு; சமையல் குறிப்பைப் பார்த்தால் எனக்கு அதில் வேறு ஒரு வரைபடம் தெரிகிறது. பாலை நேரம் எடுத்துச் சுண்டக் காய்ச்சணும், நிறம் லேசாகப் பழுப்பாகும் வரை. பெயரில் மட்டும் வடக்கு. நன்னாரி வேர் நம்ம காட்டுச் சரக்கு. கடல்பாசி என்பது கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர். மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் மூழ்கி மூழ்கிப் பறிக்கும் பாசி அது. இப்போது பல கடைகளில் அதற்குப் பதில் ராத்திரி முழுக்க ஊறி உப்பிய பாதாம் பிசின் போடுகிறார்கள். பால், நன்னாரி சர்பத், பாசி அல்லது பிசின், மேலே வீட்டுப் பக்குவ ஐஸ்கிரீம். அவ்வளவுதான். ரோஸ் கலர், கலர் ஜெல்லி, சாக்லேட் சிரப் எல்லாம் பின்னால் வந்த அலங்காரம். விளக்குத்தூண் பக்கம் கீழமாரட் வீதியில் இருக்கும் பிரபலமான கடையிலேயே ஆரம்பியுங்கள். கூட்டம் இருக்கும், நின்றுகொண்டுதான் குடிக்கணும். சுண்டின பாலின் மணம் எப்படி இருக்கும் என்று அங்கே தெரிந்துகொண்டால், பிறகு எந்த ஊரிலும் நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

பக்கத்திலேயே நாகப்பட்டினம் நெய் மிட்டாய்க் கடை. சூடா இலையில் வாங்கிய அல்வா, ஒரு கை காராச்சேவு. திருநெல்வேலிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மகாலுக்குப் பகலில் போங்க. 1636-ல் கட்டியது, இன்று நிற்பது மூல அரண்மனையின் கால் பங்கு என்பார்கள். சென்னை மாகாண கவர்னர் நேப்பியர் 1860-களில் பழுதுபார்க்க ஏற்பாடு செய்யாவிட்டால் அந்தக் கால் பங்கும் இருந்திருக்காது. தூண்களை அண்ணாந்து பார்த்தபடி நடந்தால் கழுத்து வலிக்கும், வலிக்கட்டும்.

மதியச் சாப்பாடு என்றால் எனக்கு அயிரை மீன் குழம்பு. வைகை வடகரையில், தல்லாகுளம் பக்கம் அம்மா மெஸ்ஸில் கிடைக்கும். அயிரை விரல் நீளம்கூட வராத மீன், கண்மாய்ச் சேற்றில் வாழ்வது. உயிரோடு வாங்கிப் பாலிலோ தேங்காய்ப்பாலிலோ விட்டு மண்ணைக் கக்கவைத்து, அப்புறம் முழுசாகக் குழம்பில் போடுவார்கள். விலையைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் அதிர்ச்சி அடைவார்கள். கண்மாய் நிறைந்தால்தான் அயிரை. எனக்கு இந்த மெனு கார்டே ஒரு மழைமானி.

இப்போது ராத்திரி. எட்டரைக்கு மேல் சிம்மக்கல் கோனார் மெஸ், கறிதோசை. கெட்டியாக ஊற்றிய தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் வெந்த கொத்துக்கறி, திருப்பிப் போட்டு எடுப்பது. இதற்கு அவசரம் ஆகாது. கறியின் ஈரம் தோசையில் இறங்கணும், கீழே முறுகணும். ஒருத்தருக்கு ஒன்று போதும், ரெண்டாவது வீராப்புக்குச் சொல்லாதீங்க.

பத்தரைக்கு மேல் நான் கடைப் பெயர் சொல்வதில்லை. டவுன்ஹால் ரோடு, மேலவெளி வீதி, ஸ்டேஷனைச் சுற்றிய சந்துகள் என்று நடங்க. தகரத்தில் கரண்டி கொத்தும் சத்தம் கேட்கும், அங்கே போங்க. பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு சால்னாவை ஊற்றுவதா, தனியாகத் தொட்டுக்கொள்வதா என்பதெல்லாம் அவரவர் இஷ்டம். எனக்கு அந்நேரத்துக்கு இட்லிதான். இலையில் மூணு இட்லி, மூணு நாலு சட்னி, கேட்டால் குடல் குழம்பு. பகலில் இட்லி கேட்டால் நல்ல இட்லி கிடைக்கும். ராத்திரி இட்லிக்கு ஈடு கிடையாது, ஆவி பறக்கிற ஈடு அப்போதுதான் இறங்கும்.

ஆனால் இந்த ராத்திரி மெலிந்துகொண்டே வருகிறது. வெளியூர் பஸ் ஸ்டாண்டு 1999-ல் மாட்டுத்தாவணிக்குப் போனது. காய்கறி மார்க்கெட்டும் 2010 வாக்கில் அங்கேயே போனது. வடக்கு ஆவணி மூல வீதியில் அது இருந்த இடத்தில் இப்போது பல அடுக்கு வாகன நிறுத்தம். நெரிசல் குறைந்தது உண்மை, நானும் அந்த வீதியில் மாட்டி விழித்தவன்தான். ஆனால் மூட்டை இறக்குகிறவர்கள் போனபின் மூணு மணி இட்லிக்கு ஆள் யார்? கார் இட்லி சாப்பிடாது. 24 மணி நேரமும் கடை திறக்கலாம் என்று 2019-ல் அரசாணை வந்தபோது சந்தோஷப்பட்டேன். படித்துப் பார்த்தால் அது பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு. வண்டிக்கடையில் புருஷன், பெண்டாட்டி, ஒரு தம்பி, மூணே பேர். எனவே "தூங்கா நகரம்" என்று ஆர்ச் வைப்பதும், பதினோரு மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்வதும் ஒரே ஊரில் நடக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டை யாராவது காப்பாற்றணும்னா, ராத்திரி போய்ச் சாப்பிட்டால்தான் உண்டு. அதனால்தான் ஒன்பது மணிக்குப் படுக்கிற நண்பர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்.

தூங்கப் போகுமுன் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கீழக்குயில்குடி சமணர் மலை. தாமரைக் குளம், ஆலமரம், பாறையில் வெட்டிய படி, மேலே பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்களும் அவற்றின் கீழே வட்டெழுத்தும். ஆயிரம் வருஷத்துக்கு முன் யார் செய்வித்தார்கள் என்று பெயர் வெட்டி வைத்திருக்கிறார்கள். வெயில் ஏறினால் பாறை சுடும், எட்டு மணிக்குள் இறங்கிவிடணும். ஒத்தக்கடைப் பக்கம் யானைமலையும் இப்படித்தான். நரசிங்கம் குடைவரையில் 770-ம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அந்த மலையைச் சிற்ப நகரம் ஆக்குகிறோம் என்று 2010 வாக்கில் ஒரு திட்டம் கிளம்பி, மக்கள் எதிர்ப்பில் நின்றது. பசுமை நடை நண்பர்கள் இந்த மலைகளுக்கு நடத்தும் நடைகளில் சேர்ந்துகொண்டால் கல்வெட்டைப் படித்துச் சொல்லவும் ஆள் இருக்கும்.

இன்னொரு வழி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். மதுரை மல்லி மொட்டாக இருக்கும்போதே பறிக்க வேண்டும், விரிந்துவிட்டால் விலை போச்சு. அதனால் இருட்டோடு இருட்டாகச் சாக்குகள் வந்து இறங்கும். ஐந்து மணிக்குள் போய்விடுங்கள். இங்கே முழக் கணக்கு கிடையாது, கிலோதான். முகூர்த்த நாளென்றால் விலையைக் காதால் கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். வாசலில் டீக்கடைகள் அதற்குள் சுறுசுறுப்பாக இருக்கும். ஒரு டீ, ஒரு பருப்பு வடை சொல்லிவிட்டு நில்லுங்க. பக்கத்தில் நின்று குடிக்கிறவர் ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வந்தவரா, தோட்டத்திலிருந்து பூவோடு வந்தவரா என்று சட்டையில் ஒட்டிய காம்பைப் பார்த்தால் தெரியும்.