எலிக்கு ஒரு புதிர்வழி

அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த வில்லர்ட் ஸ்மால், இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்திலுள்ள புதர்வேலிப் புதிர்வழியின் வடிவத்தைத் தழுவி எலிகளுக்கென ஒன்றை அமைத்து, அவை அதில் வழி கற்ற விதத்தை 1901இல் விரிவாக வெளியிட்டார். இலக்கைச் சேரும் பாதையோடு பல முட்டுச்சந்துகளும் பின்னிக் கிடக்கும் அமைப்பே புதிர்வழி. வளைகளில் வாழும் எலிக்கு அது அந்நியமான இடமன்று.

வளர்ப்பு எலிக்காக வீட்டில் இதைச் செய்பவர், தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றுவதைவிட எலியின் மீசைக்கும் மூக்குக்கும் எட்டுவதையே கருத வேண்டும். எலியின் பார்வை மங்கலானது. சிவந்த கண்களையுடைய வெள்ளை எலிக்கு அது இன்னும் மங்கல். நொடிக்குப் பல முறை முன்னும் பின்னும் அசையும் மீசைமுடிகளால் சுவரைத் தடவியபடி, ஓரமாகவே அது நடக்கும். ஆகவே, மீசை இருபுறமும் உரசும்படியும் முட்டுச்சந்தில் உடலை வளைத்துத் திரும்ப முடியும்படியும் சுமார் 10 சென்டிமீட்டர் அகலம் விடுவது பொருந்தும். சுவர் 30 சென்டிமீட்டர் உயரம் இருந்தாலும் எலி தாவி ஏறிவிடக்கூடும் என்பதால் மேலே கம்பிவலை தேவை. எதையும் கொறித்துப் பார்க்கும் பிராணி என்பதால், அட்டைகளைப் பசையால் ஒட்டாமல், வெட்டுக்கீறல்களில் ஒன்றோடொன்று செருகி நிறுத்துவதே நல்லது. சுவர்களை இடம் மாற்றவும் அது உதவும்.

பலரும் கவனிக்கத் தவறுவது வாசனையை. எலி போகும் வழியில் சிறுநீர்த் துளிகளை விட்டுச் செல்வதால், மறுமுறை அது வழியை நினைவில் வைத்து வருகிறதா, தன் வாசனையையே பின்தொடர்கிறதா என்று பிரித்தறிய முடியாது. ஓட்டத்துக்கு ஓட்டம் தரைத்தாளை மாற்றுவதும், இலக்கிலுள்ள உணவின் மணமே வழிகாட்டிவிடாதபடி, வலைக்குப் பின்னால், எலிக்கு எட்டாமல், முட்டுச்சந்துகளிலும் உணவுத்துணுக்கு வைப்பதும் இதற்குத் தீர்வு.

எலியைப் பட்டினி போட்டால்தான் கற்கும் என்ற எண்ணம் தவறானது மட்டுமன்று, கொடியதும்கூட. உளவியலாளர்களான டோல்மனும் ஹான்சிக்கும் 1930இல் வெளியிட்ட சோதனையில், முதல் பத்து நாள் இலக்கில் உணவே பெறாத எலிகள், 11ஆம் நாள் உணவு கிடைத்ததும், தொடக்கத்திலிருந்தே உணவு பெற்றவற்றுக்கு நிகராக உடனே தவறுகளைக் குறைத்துக்கொண்டன. வெளிப்படாமல் உள்ளே சேரும் இத்தகைய கல்வி ‘உள்ளுறை கற்றல்’ எனப்படும். மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில், எலி குறிப்பிட்ட இடத்தை அடையும்போது மட்டும் துடிப்புடன் இயங்கும் ‘இட உயிரணுக்கள்’ இருப்பதை ஜான் ஓ’கீஃப் 1971இல் கண்டறிந்தார். அதற்காக 2014இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். எனவே முதல் சில நாட்கள் எலியைத் தன் போக்கில் உலவ விட்டு, பாதை பழகியபின் செருகிய சுவர் ஒன்றை மட்டும் இடம் மாற்றினால், தயங்காமல் ஓடிவந்த எலி அந்த மூலையில் நின்று, மீசையை விரித்து, மாறிய சுவரை மறுபடி தடவி ஆராய்வதைக் காணலாம்.