சைலன்சரின் வாயை அடைக்குமுன்...

விடியற்காலை ஐந்தரை மணி. தேக்கா நிலையத்துக்கு மேலே ஓங்கி நிற்கும் பஃபலோ ரோட்டு அடுக்குமாடி வீடுகளில் பாதி சன்னல்கள் இன்னும் இருட்டாகவே இருக்கின்றன. காய்கறி லாரிகள் வந்துவிட்டன. அந்த நேரம் பார்த்து, "டப டப டப" என்று உறுமிக்கொண்டு ஒரு கார் புறப்படுகிறது. பத்தாம் மாடியில் ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. இரவு வேலை முடிந்து அப்போதுதான் கண்ணயர்ந்தவர் புரண்டு படுக்கிறார்.

அந்தக் காரை ஓட்டிப் போகிறவர் பொல்லாத மனிதர் அல்லர். ஏன், அவர் நீங்களாகவே இருக்கலாம்! "இரண்டு மாதமாகத்தான் இந்தச் சத்தம். பட்டறைக்குப் போனால் செலவு. ஒரு குழாய்த் துண்டை உள்ளே சொருகி நாமே அடக்கிவிட்டால் என்ன?" என்று நீங்களும் ஒருநாள் யோசித்திருப்பீர்கள்.

அப்படிச் சொருகும் தடுப்புக் குழாயை 'பேஃபிள்' என்பார்கள். அதைச் செய்வது பெரிய வித்தை அல்ல. ஆனால் செய்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சத்தம் என்பது நோய் அல்ல, நோயின் அறிகுறி!

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

நான்கு சிலிண்டர் கார் ஒன்று நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. ஆக, விநாடிக்கு 100 வெடிப்பு! ஒவ்வொன்றும் குழாய்க்குள் ஓர் அழுத்த அலையைத் தள்ளுகிறது. தடுப்பு ஏதும் இல்லாவிட்டால் அத்தனையும் நம் காதில்தான் வந்து விழும்.

அதைத் தணிக்கத்தான் சைலன்சர். அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். இன்றைய பெட்டிக்குள்ளும் அறைகள், துளையிட்ட குழாய்கள், கண்ணாடிப் பஞ்சு ஆகியவையே இருக்கின்றன. சில அறைகளில் ஓர் அலை சுவரில் மோதித் திரும்பி, அடுத்து வரும் அலையோடு மோத, இரண்டும் தளர்ந்துபோகின்றன. கண்ணாடிப் பஞ்சு கீச்சென்ற ஒலியை உறிஞ்சிக்கொள்கிறது. குடத்தின் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் 'பூம்' என்று கேட்கும் அல்லவா? அந்தக் குணத்தைப் பயன்படுத்தி, ஒரு குறிப்பிட்ட சுருதியை மட்டும் விழுங்கும் அறைகளும் உண்டு.

அடங்கியிருந்த சத்தம் ஏன் கூடுகிறது?

முதல் காரணம் துரு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடினால் குழாய் நன்றாகச் சூடேறி, அந்த ஆவி வெளியே போய்விடும். வீட்டிலிருந்து சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய்வரும் காரில் அது உள்ளேயே நீராகித் தேங்கும். வெளியே பார்த்தால் பெட்டி பளபளப்பாக இருக்கும். உள்ளே அரித்துக்கொண்டே போகும்.

சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ் முறை 1990இல் வந்தது. பத்து ஆண்டு முடிந்ததும் புதுக் கார் வாங்க மனமில்லாதவர்கள் உரிமையை மேலும் ஐந்து அல்லது பத்து ஆண்டுக்குப் புதுப்பித்துக்கொள்கிறார்கள். அத்தகைய வயதான கார்களின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்க்க மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது காரணம், குழாய் இணைப்புகளில் உள்ள கேஸ்கட் தேய்ந்துபோவது. மூன்றாவது, நாமே தேடிக்கொண்ட வினை. சில மோட்டார் சைக்கிள் சைலன்சர்களில் உள்ள தடுப்பு ஒரே திருகாணியில் நிற்கும். "சத்தம் கம்பீரமாக இருக்கட்டும்" என்று பிள்ளைகள் அதைக் கழற்றிவிடுகிறார்கள். அப்படியானால் மருந்தும் எளிது. கழற்றியதைத் தேடி எடுத்து மறுபடியும் மாட்டச் சொல்லுங்கள்!

மணமில்லாத எமன்

முதல் இரண்டு காரணங்களில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பெட்டியில் ஓட்டை இருக்கும்போது குழாயின் கடைசி வாயை இறுக்கினால் என்ன ஆகும்? உள்ளே அழுத்தம் கூடும். வாய் வழியே போக முடியாத புகை, ஓட்டை வழியே பீறிடும். அந்த ஓட்டை எங்கே இருக்கிறது? நீங்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் இருக்கைக்கு அடியில்!

அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறம் கிடையாது, மணமும் கிடையாது. இரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் வரும்; பிறகு தூக்கம் வரும். சன்னலை மூடி, ஏர்கான் போட்டுக்கொண்டு, நிற்கும் காரில் உறங்குகிறவர் அந்தத் தூக்கத்திலிருந்து எழாமலே போகக்கூடும். காருக்குள் இருக்கும்போது காரணமின்றித் தலை வலித்தால் உடனே வெளியே வாருங்கள்.

ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. எஞ்சின் ஆறிக் குளிர்ந்திருக்கும்போது, திறந்தவெளியில் வண்டியைக் கிளப்பச் சொல்லுங்கள். கையில் தடித்த உறையும் கனத்த துணியும் கொண்டு குழாய் வாயை ஓரிரு விநாடி மட்டும் பொத்துங்கள். அடியிலிருந்து "புஸ்" என்று காற்று கசியும் ஒலி கேட்டால், பேஃபிள் எண்ணத்தை அன்றே விட்டுவிடுங்கள். வேண்டியது புதுப் பெட்டி, தடுப்பு அல்ல.

செய்முறையும் கணக்கும்

கசிவு இல்லாத குழாய்க்கு பேஃபிள் எப்படிச் செய்கிறார்கள்? குழாயின் உள்விட்டம் 5 செ.மீ. என்றால், 4 செ.மீ. விட்டமுள்ள எவர்சில்வர் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து, உடல் முழுவதும் சிறு துளைகள் போட்டு, அதைச் சுற்றிச் சூடு தாங்கும் கண்ணாடிப் பஞ்சைச் சுற்றுகிறார்கள். இரு முனையிலும் வளையம் வைத்துப் பஞ்சை நிறுத்தி, உள்ளே சொருகி, குறுக்கே ஒரு போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். போல்ட் தளர்ந்தால் அது பின்னால் வருகிறவர் மேல் பாயும் என்பதை மறக்கக்கூடாது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் சீக்கிரம் கருகி உதிர்ந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் பக்கமே போகக்கூடாது; அது நுரையீரலுக்கு நஞ்சு. துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயைப் பற்றவைத்தால் எழும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 5 செ.மீ. குழாயில் புகை போகும் வழி ஏறக்குறைய 19.6 சதுர செ.மீ. 4 செ.மீ. துண்டில் அது 12.6 ஆகிவிடுகிறது. "அதன் ஒரு முனையை மூடிவிட்டால் இன்னும் அமைதி" என்று சிலர் சொல்வார்கள். அப்போது இரண்டு குழாய்களுக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியாகத்தான் புகை நுழைய வேண்டும். அது வெறும் 7 சதுர செ.மீ.; மூன்றில் ஒரு பங்குதான்! எஞ்சின் மூச்சுத் திணறும், இழுவை குறையும், சூடேறும்.

இவ்வளவும் செய்து கிடைக்கும் பலன் என்ன? மெல்லிய பஞ்சு கீச்சொலியைக் குறைக்கும். வயிற்றில் அதிரும் அந்த "டம் டம்" ஒலியை அவ்வளவாகத் தொடாது. அதை அடக்கப் பெரிய அறை வேண்டும். சைலன்சர் பெட்டி அவ்வளவு பெரிதாக இருப்பது அதனால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளை மீறி எக்ஸாஸ்டை மாற்றியமைத்தால் அபராதமோ சிறையோ விதிக்கப்படலாம். "நான் சத்தத்தைக் கூட்டவில்லையே, குறைக்கத்தானே செய்தேன்?" என்று கேட்டுப் பயனில்லை. விதிக்கு ஒவ்வாத குழாய்க்குள் பேஃபிள் சொருகினாலும் அது ஒவ்வாத குழாய்தான். மூன்று ஆண்டு கடந்த கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து ஆண்டு கடந்தது ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அங்கே அடிப்பாகத்தையும் பார்ப்பார்கள், புகையையும் அளப்பார்கள்.

முன்பெல்லாம் பழைய சாமான் என்றால் சுங்கை ரோட்டுச் சந்தைக்கு நடந்துவிடுவோம். அது 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் ஜாலான் புசார் பக்கம் உதிரிபாகக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. காரின் மாடலைச் சொல்லி, அதற்கே உரிய பெட்டி என்ன விலை என்று கேளுங்கள். ஓட்டை சிறிதாக இருந்து, சுற்றியுள்ள தகடு உறுதியாக இருந்தால், பட்டறையில் பற்றவைத்தே சரிசெய்துவிடலாம். நீங்கள் பயந்த அளவுக்குச் செலவு ஆகாமலும் போகலாம்.

தோட்டத்தில் இருக்கும் நண்பர்களுக்கும் இது பொருந்தும். லயத்து வாசலில் விடியற்காலை கிளம்பும் மோட்டார் சைக்கிளின் சத்தம் வரிசை முழுவதையும் எழுப்பிவிடும் அல்லவா?

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய பாயை விரித்து, வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். பத்தாம் மாடிக் குழந்தை இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும். உங்கள் வண்டியில் வரும் உங்கள் குழந்தையும் நலமாக வீடு வந்து சேரட்டும்!