மீன் இருக்கும் இடம் சொல்லும் செயற்கைக்கோள்

குஜராத் மாநிலத்தில் வெராவல் என்ற ஊர் உள்ளது. அது பெரிய மீன்பிடித் துறைமுகம். அங்கே விசைப்படகுகள் ஏராளம்.

படகு கடலுக்குப் போக என்ன வேண்டும்? டீசல் வேண்டும். ஐஸ் வேண்டும். ஆட்களுக்குச் சாப்பாடு வேண்டும். கடன் வாங்கிச் செலவு செய்பவர்களும் உண்டு. மீனைத் தேடி அலைந்தால் டீசல் தீரும். வெறும் வலையோடு திரும்பினால் கடன் ஏறும்.

கடலோ பெரியது. மீன் எங்கே இருக்கிறது? இதை அறியச் செயற்கைக்கோள் உதவுகிறது.

செயற்கைக்கோள் மீனைப் பார்க்குமா? பார்க்காது. அது சுமார் 740 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. ஆனால் அங்கிருந்து இரண்டு விஷயங்களை அறிய முடியும். ஒன்று, கடல் நீரின் நிறம். மற்றொன்று, மேல் நீரின் வெப்பம்.

ஊர்க் குளத்தை நினைத்துப் பாருங்கள். பாசி பிடித்தால் தண்ணீர் பச்சையாகத் தெரியும். கடலிலும் அப்படித்தான். அங்கே மிகச் சிறிய பாசிகள் மிதக்கின்றன. அவற்றைச் சிறு உயிர்கள் தின்னும். சிறு உயிர்களை மீன்கள் தின்னும். குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சேரும் இடத்திலும் இரை கூடும். இரையைத் தேடி மீன் வரும்.

கடலைப் பார்ப்பதற்கென்றே இந்தியா 1999இல் ஓஷன்சாட் என்ற செயற்கைக்கோளை அனுப்பியது. 2009இல் இரண்டாவது போனது. 2022இல் மூன்றாவது போனது.

ஹைதராபாத்தில் மத்திய அரசின் கடல் தகவல் மையம் இருக்கிறது. அங்கே செயற்கைக்கோள் படங்களை ஆராய்கிறார்கள். மீன் கூடும் இடத்தைக் கணிக்கிறார்கள். கடலோர மாநிலங்களுக்கு அவரவர் மொழியில் செய்தி அனுப்புகிறார்கள். துறைமுகப் பலகையிலும் கைபேசியிலும் அதைப் பார்க்கலாம்.

அதில் மூன்று விவரங்கள் முக்கியம்: எந்தத் திசை? எத்தனை கிலோமீட்டர்? எத்தனை மீட்டர் ஆழம்? படகு நேரே அங்கே போகலாம். அலைச்சல் குறையும். டீசல் மிச்சமாகும்.

ஆனால் இது கணிப்புதான். சில நாள் தவறலாம். மேகம் மூடினால் கடல் தெரியாது. மீன்பிடித் தடைக்காலத்தில் இந்தச் செய்தி வராது. புயல் எச்சரிக்கை தனியாக வரும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மீன் நாளையும் கிடைக்கும். உயிர் போனால் வராது.

செயற்கைக்கோள் மக்கள் பணத்தில் செய்யப்பட்டது. அது தரும் செய்தியும் மக்களுக்கே சொந்தம். பலகையில் இருப்பது ஒரு திசையும் சில எண்களும்தான். படிக்கத் தெரியாதவர் அடுத்தவரைக் கேட்க வேண்டும். உங்களுக்கு இப்போது படிக்கத் தெரியும். நீங்களே படியுங்கள். தெரியாதவருக்கும் படித்துச் சொல்லுங்கள்.