பனிவெளியில் பாரம் சுமக்கும் கிழ விமானங்கள்

பண்டம் பழசாகிவிட்டால் அதற்குப் பரண்தான் கதி என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். தாத்தாவின் சுவர்க் கடிகாரமும் பாட்டியின் வெண்கலப் பானையும் அங்கே சென்று அடங்கியவைதாம். அப்படியிருக்க, இரண்டாவது உலக மகா யுத்தத்தின்போது செய்த ஆகாய விமானங்கள் எண்பது வயதை எட்டியும் ஓய்வு பெறாமல், மனிதன் மூச்சு விட்டால் அம்மூச்சும் உறைகின்ற பனிவெளியில் பாரம் சுமந்து வந்திருக்கின்றன என்றால் வாசகர்கள் வியப்படையத்தான் செய்வார்கள். நாமும் வியப்படைந்தோம். வியப்பைத் தூண்டியவன் நம் மாணவன் ஒருவன்.

வகுப்பில் வட அமெரிக்காவின் படத்தை மாட்டி, அதன் வடமேற்கு மூலையிலுள்ள அலாஸ்காவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த அந்த ராஜ்யம் பரப்பில் நம் பாரத நாட்டின் பாதிக்குச் சற்று அதிகம். ஜனத்தொகையோ ஏழரை லட்சத்துக்கும் குறைவு. பெரும்பாலான ஊர்களுக்குச் சாலையே கிடையாது என்று சொன்னதும், கடைசி பெஞ்சியிலிருந்து ஒருவன் எழுந்தான். "ரோடு இல்லையென்றால் குளிர் காய எண்ணெய் எப்படி ஸார் வந்து சேரும்?" என்றான். புத்தகத்தில் இல்லாத கேள்வி. அதற்கு விடை தேடிச் சென்றதன் பலனே இக்கட்டுரை.

சாலை இல்லாத தேசம்

அலாஸ்காவின் ஊர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது சாலைத் தொடர்பு அற்றவை. தூரம் மட்டும் இதற்குக் காரணமன்று. வடபகுதியில் நிலத்தின் அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. மேல்மண் மட்டும் கோடையில் இளகிச் சேறாகிறது. இத்தகைய பூமியில் போட்ட சாலை சில வருஷங்களில் அலை அலையாகப் புரண்டு போகும். ஆகவே யூகான் முதலிய நதிகளே அங்கே ராஜபாட்டை. கோடையில் தட்டையான பாரப் படகுகள் எண்ணெயையும் உணவையும் ஏற்றிச் செல்லும். குளிர்காலம் வந்தால் ஆறு உறைந்துவிடும். நோவாடாக் போன்ற சில ஊர்களுக்கோ, ஆற்றில் ஆழம் போதாமல் கோடையிலும் எண்ணெய்ப் படகு போகமுடியாத நிலை ஏற்பட்டுவிட்டது.

பாரன்ஹீட் அளவும் சென்டிகிரேட் அளவும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் பூஜ்யத்துக்குக் கீழே 40 பாகை என்று நாம் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அங்குள்ளவர்களுக்கு அது வேடிக்கையன்று. வெளியே அந்தக் குளிர் நிற்கும்போது வீட்டுக் கணப்பில் எண்ணெய் தீர்ந்தால் குழாய் நீர் உறையும், குழாய் வெடிக்கும், குழந்தை குட்டிகளுடன் வீட்டைவிட்டு வெளியேற நேரும். ஊருக்கு விளக்குத் தரும் மின்சார யந்திரமும் டீசல் எண்ணெயைத்தான் குடிக்கிறது. எண்ணெய் அவர்களுக்கு நம் வீட்டு அரிசியைப் போன்றது.

வழி காட்டிய ஆசிரியர்

இந்த நாட்டில் ஆகாய மார்க்கத்தைத் திறந்துவைத்தவர்களுள் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார் என்பதைச் சொல்லும்போது நமக்குச் சிறிது கர்வம் உண்டாவதை வாசகர்கள் மன்னிப்பார்களாக. கார்ல் பென் ஐயல்ஸன் என்னும் அவர், 1922-இல் பேர்பாங்க்ஸ் நகருக்கு உயர்தரப் பள்ளி ஆசிரியராக வந்தார். 1924 பிப்ரவரியில் அங்கிருந்து மக்கிராத் என்ற ஊருக்குத் தபால் மூட்டையுடன் பறந்தார். நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிக்கு இரண்டு வாரத்துக்கு மேல் பிடித்த பிரயாணம் சுமார் மூன்று மணி நேரத்தில் முடிந்தது. 1929-இல், ஸைபீரியக் கரையோரம் பனியில் சிக்கிய கப்பலிலிருந்தோரை மீட்கப் பறந்தபோது அவர் உயிர் துறந்தார். திறந்த வழியின் விலையையும் அவரே செலுத்தினார் என்று சொல்ல வேண்டும்.

அஸ்ஸாம் அறிந்த சிறகுகள்

தபால் மூட்டைக்குச் சிறு விமானம் போதும். ஊருக்கே வேண்டிய எண்ணெய்க்குப் போதாது. இங்கேதான் நம் கிழவர்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் கர்டிஸ் கம்பெனியார் செய்த சி-46. முதலில் பறந்தது 1940-இல், சிறகு முனையிலிருந்து முனைக்கு 108 அடி, எஞ்சின்கள் இரண்டு. இவ்விமானம் நமக்கு அந்நியரன்று. 1943 முதல் யுத்தம் முடியும்வரை, அஸ்ஸாமின் சபுவா முதலிய தளங்களிலிருந்து புறப்பட்டு இமயத்தின் கிழக்குக் கோடியைத் தாண்டிச் சீனாவுக்குச் சாமான் கொண்டுபோனவற்றில் இதுவும் ஒன்று. அந்த வழியில் நூற்றுக்கணக்கான விமானங்கள் மலைகளில் மடிந்தன. யுத்தம் முடிந்து மலிவாக விற்கப்பட்ட சி-46 விமானங்களில் சில, பிற்பாடு அலாஸ்காவைத் தம் வீடாக்கிக்கொண்டன.

மற்றொருவர், 1946-இல் முதலில் பறந்த டக்ளஸ் டி.ஸி.-6. இதற்கு எஞ்சின் நான்கு. ஒரு காலத்தில் சீமான்களும் சீமாட்டிகளும் விருந்துண்டு பறந்த பிரயாணிகள் விமானம் இது. பின்னாளில் உள்ளே ஆசனங்கள் இருந்த இடத்தில் எண்ணெய்த் தொட்டிகள் வந்தன. சி-46 ஒரு நடையில் ஏறத்தாழ 2,000 காலன் எண்ணெய் சுமக்கும் என்றால், டி.ஸி.-6 அதைப்போல் இரு மடங்குக்கு மேல் சுமக்கும்.

புதிய ஜெட் விமானம் இருக்க இந்தக் கிழங்கள் எதற்கு என்று கேட்கலாம். ஊர்களிலுள்ள இறங்குதளம் பெரும்பாலும் குறுகிய சரளைக்கல் பாதை. ஜெட் எஞ்சின் காற்றுடன் கல்லையும் உறிஞ்சினால் அதன் உட்புறம் பாழாகும். கல் தடுப்புக் கருவி பூட்டிய ஜெட்டுகளும் உண்டு; ஆயினும் அவற்றுக்கு நீளமான பாதை வேண்டும். சி-46-க்கோ வாலில் சக்கரம். தரையில் நிற்கும்போது மூக்கை உயர்த்தியபடி நிற்பதால் சுழல் விசிறி கற்களுக்கு எட்டாமல் சுற்றும். அகன்ற சிறகு இருப்பதால் மெதுவாக வந்து இறங்க முடியும். இதற்கு மேல் வரவு செலவுக் கணக்கு ஒன்று இருக்கிறது. புது விமானத்துக்குக் கோடிக் கணக்கில் கடன் வாங்கினால் அது நாள் முழுதும் பறந்தே தீரவேண்டும். பனிப்புயல் நிற்கட்டும் என்று மூன்று நாள் சும்மா நிற்கும் பாக்கியம், கடன் தீர்ந்த கிழ விமானத்துக்குத்தான் உண்டு!

இறங்கும் வித்தை

இறங்குமிடத்தில் வழிகாட்டும் கோபுரம் இல்லை. விமானி முதலில் பாதைக்கு மேலே தாழப் பறந்து பார்க்கிறார். பனி எவ்வளவு படிந்திருக்கிறது, காற்று எந்தப் பக்கம், பாதையில் நாயோ பெரிய காட்டு மானோ நிற்கிறதா என்பதையெல்லாம் கண்ணாலேயே அளக்க வேண்டும். வானமும் தரையும் ஒரே வெண்மையாகக் கலந்துவிடும் நாளில் தரை எங்கே தொடங்குகிறது என்பதே புலப்படாது. அப்படிப்பட்ட நாளில் திரும்பிப் போவதே அறிவு. இறங்குவதென்றால் பாதையின் ஆரம்பத்திலேயே சக்கரம் பதிய வேண்டும். வால் சக்கர விமானமாயின், தரை தொட்ட பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம்; பக்கக் காற்று வாலைத் தள்ளினால் அவ்வளவு பெரிய உடலும் பம்பரமாகச் சுழன்றுவிடும்.

இறங்கியதும் குழாயை மாட்டி எண்ணெயை ஊர்த் தொட்டிக்கு இறைக்கிறார்கள். கடுங்குளிரில் நிதானமாக இருந்து தேநீர் அருந்த நேரமில்லை. எஞ்சின்கள் ஆறிப்போகுமுன் கிளம்பியாக வேண்டும்.

அந்த எஞ்சின் தனிப் பிராணி. ஒன்பது சிலிண்டர்கள் வட்டமாக ஒரு வரிசை, அதன் பின்னால் இன்னோர் ஒன்பது. குதிரைச் சக்தி இரண்டாயிரத்துக்குக் குறையாது. இரவு நின்றால் மசகு எண்ணெய் கீழே உள்ள சிலிண்டர்களில் வடிந்து தேங்கும். அறியாமல் முடுக்கினால், எண்ணெய் அமுங்காது. உள்ளிருக்கும் இரும்புத் தண்டுதான் வளையும். ஆகையால் முதலில் விசிறியை மெல்லச் சுழற்றி, இறக்கைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்க்கிறார்கள். கம்பளிப் போர்வை போர்த்தி, வெப்பக் காற்றைக் குழாய் வழியே ஊதி, குழந்தையை எழுப்புவது போல எழுப்புகிறார்கள். எண்ணெய் கசிகிறதே என்று யாரும் கவலைப்படுவதில்லை. கசியாவிட்டால்தான் உள்ளே எண்ணெய் இல்லையோ என்று கவலை!

இத்தகைய துணிகரம் நம் நாட்டுக்கும் புதிதன்று. 1948 மே 24-இல் விமானத் தளபதி மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவை உடன் ஏற்றிக்கொண்டு, லடாக்கின் லே நகரில் முதல் முதலாக டகோட்டா விமானத்தை இறக்கினார். பதினாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், சோனம் நோர்பு என்ற லடாக்கியப் பொறியாளர் ஊர் ஜனங்களைக் கொண்டு சமன்படுத்திய மண்தளம் அது. சாலை இல்லாத இடத்தில் ஊரைக் காக்க வந்தது அங்கேயும் ஒரு சுழல் விசிறி விமானமே.

கொடுத்த விலை

இவ்வளவும் சொல்லிவிட்டு, பழமை யாவும் பொன் என்று முடித்தால் நாம் மாணவர்களை ஏமாற்றியவர்களாவோம். 2024 ஏப்ரல் 23-ஆம் தேதி, பேர்பாங்க்ஸிலிருந்து கணப்பு எண்ணெயுடன் கோபுக் என்ற ஊருக்குப் புறப்பட்டது ஒரு டக்ளஸ் சி-54. அதுவும் யுத்த காலத்துப் பிறவியே. கிளம்பிய சிறிது நேரத்தில் தீப்பற்றியது. விமானிகள் திரும்ப முயன்றார்கள், இயலவில்லை. டனானா நதிக்கரையில் விழுந்த விமானத்தில் இருவரும் மாண்டனர். அவர்கள் சாகசம் தேடிச் சென்றவர்களல்லர். சுமார் இருநூறு பேர் வாழும் சிற்றூரின் அடுப்புக்கு எண்ணெய் கொண்டுபோனவர்கள்.

டி.ஸி.-6 செய்வது 1958-இலேயே நின்றுவிட்டது. இருக்கும் விமானத்தைப் பழுது பார்க்க, மடிந்த விமானத்தின் உறுப்புகளைத் தேட வேண்டியிருக்கிறது. அந்த எஞ்சினின் இருமலைக் கேட்டே நோய் சொல்லும் மெக்கானிக்குகளும் குறைந்து வருகிறார்கள்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்தோம். பையன் விடுவதாயில்லை. "அந்த விமானங்களும் நின்றுபோனால் என்ன ஸார் செய்வார்கள்?" என்றான்.

அதற்கும் ஆரம்பம் நடந்திருக்கிறது. கோபுக்குக்கும் அதன் அண்டை ஊரான ஷங்நாக்குக்கும் மின்சாரம் தர, 2021-இல் சூரிய ஒளித் தகடுகளும் மின்சாரத்தைச் சேமிக்கும் பாட்டரிகளும் நிறுவினார்கள். கோடையில் டீசல் யந்திரம் ஓய்வெடுக்கும் மணி நேரங்களும் அங்கே உண்டாயின. ஆனால் குளிர்காலத்தில் சூரியன் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறான். அப்போது எண்ணெய்தான் வேண்டும், அதைச் சுமந்து வரச் சிறகும் வேண்டும். தகடு ஒன்று கூடும்தோறும் ஆபத்தான பிரயாணம் ஒன்று குறையலாம். கிழ விமானங்களுக்கு அந்த ஊரார் அளிக்கக்கூடிய கௌரவமான ஓய்வு அதுவே என்று பையனிடம் சொன்னோம். அவன் சிறிது யோசித்துவிட்டு, படத்தில் கோபுக் எங்கே இருக்கிறது என்று தேடப் போனான்.