மந்திரி ராணியான கதை!

காஞ்சீபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் தறிச் சத்தம் ஓய்ந்த ஒரு மாலை நேரம். திண்ணையில் தாத்தாவும் பேரனும் சதுரங்கம் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறான்.

"ஏண்டா, சிப்பாய்க்கு ஒரு கட்டம்தானே?"

"முதல் தடவை மட்டும் இரண்டு கட்டம் போகலாம், தாத்தா. பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்."

யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரிதான்! தாத்தா ஆடுவது பழைய நாட்டு முறை. பேரன் ஆடுவது சர்வதேச முறை.

சதுரங்கம் பிறந்தது நம் நாட்டில். ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன்பே ஆடினார்கள். அன்று ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றவர் மந்திரி. பெயர்தான் பெரிது, பலம் சொற்பம்! மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகர்வார். அவ்வளவுதான்.

அடுத்து நின்றது யானை. (இன்று நாம் யானை என்று சொல்லும் மூலைக் காய் அன்று தேர்.) அது மூலைவாட்டில் இரண்டாவது கட்டத்திற்குத் தாவும். பலகையில் 64 கட்டங்கள் இருக்கின்றன. ஆயுள் முழுதும் தாவினாலும் அந்த யானையால் 8 கட்டங்களைத்தான் மிதிக்க முடியும். பாவம்!

ஆட்டம் பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போயிற்று. அங்கே மந்திரி ராணி ஆனார். 15-ம் நூற்றாண்டின் கடைசியில் விதியையும் மாற்றினார்கள். ராணி எந்தத் திக்கிலும் எவ்வளவு தூரமும் போகலாம்! பலகையின் நடுவில் நின்றால் 27 கட்டங்கள் அவள் கைக்குள். யானையும் மூலைவாட்டில் நெடுந்தூரம் ஓடும் காயாயிற்று.

வேடிக்கை என்னவென்றால், தேருக்கு யாரும் கெடுதல் செய்யவில்லை. அதன் விதி அப்படியே இருந்தது. ஆனாலும் பலகையில் முதல் பலசாலி என்ற பட்டம் அதன் கையைவிட்டுப் போயிற்று! சிப்பாய்க்கோ யோகம் அடித்தது. கடைசிக் கட்டத்தை எட்டும் சிப்பாய் முன்பு சொங்கி மந்திரியாக மாறினான். இப்போது ராணியாகவே மாறினான். தறியில் ஒரு பக்கம் பாவு இறுகினால் மறு பக்கம் தொய்வதைப் போலத்தான் இதுவும்.

இந்த வழக்கு இன்றும் ஓயவில்லை. 1974-ல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற ஆட்டம் வெளிவந்தது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் வீரனாகவும் ஒருவர் மந்திரவாதியாகவும் வேஷம் கட்டி ஆடுவது. "மந்திரவாதிக்கே எல்லாப் பலமுமா?" என்று வீரன் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். விதிப் புத்தகத்தைப் பலமுறை திருத்திவிட்டார்கள். 2024-லும் திருத்தினார்கள். ஒருவரை உயர்த்தினால் இன்னொருவருக்கு மனக்குறை!

விதி மாறினால் ஆடுகிறவன் கதி என்ன? பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் நாட்டு முறையில் ஆடி வளர்ந்தவர். வாலிபரான பிறகுதான் ஐரோப்பிய விதிகளைக் கற்றார். காய்களை முதலில் நகர்த்தும் கட்டத்தில் அவர் தடுமாறுவார். அப்படியும் 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்! முன்னாள் உலக சாம்பியன் கப்பாபிளாங்காவையும் ஒரு போட்டியில் தோற்கடித்தார். 1966-ல் காலமானார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் 2024-ல்தான் கிடைத்தது.

ஐயம்பேட்டைத் திண்ணையில் வழக்கு எப்படித் தீர்ந்தது? முதல் ஆட்டம் தாத்தா விதி. இரண்டாவது ஆட்டம் பேரன் விதி. காபி ஆறிக்கொண்டிருக்கிறது.