குசினிக்கு ஓர் அன்பளிப்பு

 

பெருநாள் நெருங்கிவிட்டால் பதுளைக் கடைத்தெருவில் கால் வைக்க இடமிருக்காது. பசறை, ஹாலி-எல, வெலிமடை, லுணுகலை என்று நாலா பக்கமிருந்தும் மக்கள் வந்து இறங்குவார்கள். உடுப்புக் கடைக்கு அடுத்தபடியாகக் கூட்டம் நிற்பது பாத்திரக் கடையில்தான். "ராத்தா நன்றாகச் சமைப்பார், அவருக்கு ஏதாவது வாங்குவோம்", "மாமிக்கு ஒரு பீங்கான் செட் எடுப்போம்" என்று பேசிக்கொள்வது காதில் விழும். நல்ல எண்ணம்தான். ஆனால் எதை, யாருக்கு, எதற்காகக் கொடுக்கிறோம் என்று நின்று யோசிப்பவர் எத்தனை பேர்?

குறை கூறுவதற்காக நான் இதைக் கேட்கவில்லை. நானே தவறிய இடம் இது. பல வருடங்களுக்கு முன் ஒரு நோன்புப் பெருநாளுக்கு, ஐந்து கிலோ அரிசி வேகக்கூடிய பெரிய பானையொன்றை என் மனைவிக்கு வாங்கிச் சென்றேன். அவருடைய கைப்பக்குவத்தை உறவினர் எல்லோரும் மெச்சுவார்கள். ஆகவே இதைவிடப் பொருத்தமான பரிசு இல்லை என்று எனக்குள் ஒரே பெருமை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எனக்கா, உங்கள் விருந்தாளிகளுக்கா?" என்று கேட்டார். வாயடைத்துப் போனேன். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு நல்ல கத்தி. மொட்டைக் கத்தியோடு அவர் மாதக்கணக்காகப் போராடிக்கொண்டிருந்தது என் கண்ணில் படவே இல்லை.

ஆம்! சமையலை விரும்புவோருக்குக் கொடுக்கும்போது நாம் செய்யும் முதற் பிழை இதுதான். அவர் கையைப் பார்க்காமல் நம் வயிற்றைப் பார்த்து வாங்குகிறோம். வேலையைக் கூட்டும் பொருள் அன்பளிப்பாகாது. அது அழகான தாளில் சுற்றிக் கொடுத்த கட்டளை!

உடைந்த பாத்திரம்

ஸஹீஹுல் புகாரியில் அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் உண்டு. நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரில் ஒருவரின் வீட்டில் இருந்தபோது, இன்னொரு மனைவி பாத்திரமொன்றில் உணவு அனுப்பினார். அந்த வீட்டுக்காரருக்கு மனம் பொறுக்கவில்லை. கொண்டுவந்தவரின் கையைத் தட்டிவிட, பாத்திரம் விழுந்து உடைந்தது. நபியவர்கள் கோபிக்கவில்லை. உடைந்த துண்டுகளைத் தம் கையாலேயே பொறுக்கிச் சேர்த்தார்கள். சிந்திய உணவையும் எடுத்து வைத்தார்கள். பிறகு, உடைத்தவரின் வீட்டிலிருந்த நல்ல பாத்திரத்தை, பாத்திரத்தை இழந்தவருக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

இதிலுள்ள நுட்பத்தைப் பாருங்கள். உணவு சிந்தியதோடு விடயம் முடிந்துவிடவில்லை. சமைத்தவரின் பாத்திரத்துக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. அதை ஈடுசெய்தாக வேண்டும். நாமோ வருடக்கணக்காக ஒருவர் சமைத்ததை உண்கிறோம். அவருடைய அகப்பை பிடி கழன்றதையும் தேங்காய் துருவியின் பல் மழுங்கியதையும் கவனிப்பதில்லை. எனவே கடைக்குப் போகுமுன் குசினிக்குள் போங்கள். கால் மணி நேரம் தேங்காய் துருவிக் கொடுங்கள். என்ன வாங்க வேண்டும் என்பது தானாகத் தெரியவரும்.

கத்தி கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று சிலர் அஞ்சுவார்கள். மார்க்கத்தில் சகுனத்துக்கு இடமில்லை. தயங்காமல் கொடுங்கள்.

மலைநாட்டு அடுப்பு

நாம் இருப்பது மலைப் பிரதேசம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். உயரம் கூடக் கூட இந்த அளவு குறையும். ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்திலுள்ள ஹப்புத்தளையில் சுமார் 95 பாகையிலேயே தண்ணீர் கொதித்துவிடும். அதனால்தான் மேட்டுத் தோட்டங்களில் பருப்பும் கடலையும் வேக இத்தனை நேரம் எடுக்கிறது. அங்கே வாழும் ஓர் உறவினருக்குப் பிரஷர் குக்கர் ஆடம்பரமல்ல. விறகையும் நேரத்தையும் கண்ணெரிச்சலையும் அது மிச்சப்படுத்தும். கொடுக்கும்போது மேலதிகமாக ஒரு ரப்பர் வளையத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ஆவி வெளியேறும் துளையைச் சுத்தமாக வைத்திருக்கும் முறையையும் சொல்லிக் கொடுங்கள்.

புளியும் கொறுக்காயும் சேர்த்த மீன் ஆணத்துக்கு மண்சட்டியே சிறந்தது. புளிப்பு பட்டால் அலுமினியம் கரைந்து உணவில் கலக்கும். விலை குறைந்த மண்சட்டி என்று வெட்கப்படாதீர்கள்.

உண்ணும் பொருளாகக் கொடுக்க விரும்பினால் நம் ஊவாவிலேயே குறைவில்லாமல் இருக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்றில் வளரும் கொழுந்துதான் ஊவாத் தேயிலைக்கு உலகப் பெயரைத் தேடித் தந்தது. சாயமாகக் குடிப்பவருக்கு பி.ஓ.பி. நல்லது. பால் சேர்த்துக் கடுப்பாகக் குடிப்பவருக்கு, அதைவிடச் சிறு தூளான பி.ஓ.பி.எஃப். பொருந்தும். ஆனால் தேயிலையையும் ஏலம், கறுவாவையும் ஒரே பெட்டியில் வைத்துக் கட்டாதீர்கள். தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். வாசனைச் சரக்குகளை அரைக்காமல் முழுதாகவே கொடுங்கள். தூள் சீக்கிரம் மணம் இழந்துவிடும். இனிப்புக் கொடுக்குமுன், பெறுபவருக்கு நீரிழிவு உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து லயத்தின் வாசல்

ஆட்டின் குளம்பாக இருந்தாலும் அயல்வீட்டுப் பெண் தரும் அன்பளிப்பை அற்பமாக எண்ண வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் பெண்களை விளித்தே கூறியிருக்கிறார்கள். ஆணம் காய்ச்சினால் தண்ணீரைச் சற்று அதிகமாக ஊற்றி அயலாரைக் கவனிக்கும்படி அபூதர் (ரழி) அவர்களுக்குப் போதித்தார்கள். அயலார் என்றால் முஸ்லிம்கள் மட்டும்தானா? அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் அவர்கள் விசாரித்தார்கள்.

தோட்டத்தில் நம் அயலவர் பெரும்பாலும் இந்து சகோதரர்கள். அவர்களில் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. வெள்ளிக்கிழமையிலும் விரத நாளிலும் மச்சம் தொடாதவர்களும் உண்டு. ஆகவே பிரியாணியை அனுப்பிவிட்டு அவர்களைச் சங்கடத்தில் ஆழ்த்தக் கூடாது. வட்டிலப்பத்தில்கூட முட்டை இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கித்துல் பாணி, பழங்கள், புதிய பாத்திரத்தில் சர்க்கரைப் பண்டம் என்று அவர்கள் மனநிறைவோடு உண்ணக்கூடியதைக் கொடுங்கள்.

இன்னொன்று. நாம் கொடுத்தால் அவர்களும் வெறும் பாத்திரத்தைத் திருப்பியனுப்ப மாட்டார்கள். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவைத் தொடுவதற்கே 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடன்பட்டாவது ஈடுசெய்ய வேண்டும் என்ற நிலைக்கு அவர்களைத் தள்ளும் விலையுயர்ந்த பரிசு, அன்பளிப்பல்ல, சுமை.

மண்ணுக்குள் போன குசினிகள்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இத்தகைய வேளைகளில் அரிசியும் பருப்பும் கொண்டு ஓடுகிறோம். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் எல்லாவற்றையும் இழந்த ஒரு தாய் அந்த அரிசியை எதில் வேக வைப்பாள்? பிள்ளைகளுக்குப் பிரியமானதை ஆக்கிக் கொடுத்துப் பழகிய கை, வரிசையில் சோற்றுப் பொதிக்கு நீளும்போது எவ்வளவு கூசும்! ஒரு பானை, ஒரு தாச்சி, ஒரு கத்தி, ஓர் அகப்பை, அம்மியும் குழவியும் கொடுத்துப் பாருங்கள். அன்றிலிருந்து அவள் உதவி பெறுபவள் மட்டுமல்ல, மீண்டும் தன் வீட்டுக்கு உணவளிப்பவள். உடைந்த பாத்திரத்துக்கு நல்ல பாத்திரம் அனுப்பிய நபிவழி இதுவல்லவா?

கடைசியாக, காசில்லாதோர்க்கும் ஒரு வழி உண்டு. உம்மாவும் வாப்பும்மாவும் உயிரோடிருக்கும்போதே அவர்களருகில் உட்கார்ந்து, நோன்புக் கஞ்சிக்கும் வட்டிலப்பத்துக்கும் அவர்கள் போடும் அளவை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். "ஒரு கை", "ஒரு சிரட்டை" என்றுதான் சொல்வார்கள். அந்தக் கையையும் சிரட்டையையும் அளந்து எழுதுங்கள். கலியாணமாகிப் போகும் மகளுக்கு அதைவிடப் பெறுமதியான சீதனம் வேறில்லை.

கொடுத்தபின் அதைச் சொல்லிக்காட்டாதீர்கள். கொடுத்த சட்டி அடுப்பில் ஏறியதா என்று எட்டியும் பார்க்காதீர்கள். என் வீட்டுப் பெரிய பானையில் இன்றும் அரிசிதான் கொட்டி வைத்திருக்கிறோம். அந்தக் கத்தியை மறுவாரமே வாங்கிக் கொடுத்தேன். சாணை பிடித்துப் பிடித்து அதன் அலகு பாதியாகத் தேய்ந்துவிட்டது.

நம் கைகளைக் கொடுக்கும் கைகளாகவும், நம் கண்களைப் பிறர் தேவையைக் காணும் கண்களாகவும் வல்ல நாயன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.